கப்பித்தானுக்கு ஒரு மெழுகுவத்தி

அக்டோபர் 5

காலை சுகர் 162. தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "பொய் எழுதாதீங்க மதாம், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று வேறு சொன்னார். அறுபத்தோரு வயதில் எனக்குப் புத்தி சொல்ல ஆள் வந்துவிட்டது.

பிரான்சில் துலூசில் இருக்கும் மகன் அனுப்பிய டைரி இது. இவ்வளவு நல்ல தாளில் வெறும் எண்ணை எழுதுவதற்கு மனம் வரவில்லை. வீட்டுக் கதையும் கொஞ்சம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மாடியில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிறேன். வாசலில் பித்தளைப் பலகை, மேசோன் கெர்வெல். கெர்வெல் வீடு என்று அர்த்தம். என் புருஷன் மிக்கேல் சின்னையா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிச் செத்தவர். சின்னையா வீடு என்று பலகை வைத்தால் எந்த வெள்ளைக்காரன் படியேறுவான்? பிரெஞ்சுச் சட்டத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் சாகும்வரை போகாது. க்ளோத்தில் கெர்வெல் என்றுதான் என் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அதனால் என் பெயரையே பலகையில் போட்டேன்.

காலையில் காபி கொடுக்கும்போது விருந்தினருக்குக் கப்பித்தான் கதை சொல்வேன். பிரான்சில் பிரெத்தோன் நாட்டிலிருந்து கப்பலோட்டி வந்து, புதுச்சேரியிலேயே செத்து அடங்கிய கெர்வெல் எங்கள் மூதாதை. கூடத்தில் தாடி வைத்த அவர் படம் மாட்டியிருக்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு இன்னொரு கப் காபி கேட்பார்கள். மிக்கேல் மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். ஏன் சிரிப்பார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 8

155. ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதே பிரெத்தோன் நாட்டு லோரியான் ஊரிலிருந்து ஸொலாஞ்ஜ் கெர்வெல் என்ற அம்மாள், பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் விடுதியின் இணையப் பக்கத்தைப் பார்த்தாளாம். கப்பித்தான் அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணனாம். இந்தியாவில் செத்தார் என்பது மட்டும் தெரியும், சந்ததி இருக்கிறது என்று தெரியாதாம். கடிதத்தில் இரண்டு இடத்தில் "என் குசீன்" என்று எழுதியிருக்கிறாள். அத்தை மகள், பெரியப்பா மகள், ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான்.

வருகிறாளாம். கல்லறைத் திருநாள் முடிந்துதான் போவாளாம்.

சந்தோஷம்தான். சந்தோஷமில்லாமல் என்ன! அறை காலியில்லை என்று பதில் எழுதிவிட்டு, பிறகு அழித்தேன். மூன்று அறையும் காலியாகக் கிடப்பது இணையத்திலேயே தெரிகிறது.

அக்டோபர் 9

170. ராத்திரி தூக்கமில்லை. மழைக்காலம், கொசு.

அக்டோபர் 12

ஸொலாஞ்ஜ் வந்துவிட்டாள். ஒல்லியாக, வெட்டின நரைமுடியோடு, காலில் பையன்கள் போடுகிற மாதிரி செருப்பு. வாசற்படியிலேயே என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எதிர்வீட்டு ஜன்னல் முழுக்கத் தலைகள்.

கூடத்தில் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். கடைசியில் திரும்பி, "நல்ல சட்டம்" என்றாள். படச்சட்டத்தைச் சொன்னாள். தேக்குதான் என்றேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். கூடப் பிறந்த ஒரே அண்ணனும் போன வருஷம் போய்விட்டானாம். "என்னோடு இந்தப் பெயர் முடிந்தது என்று நினைத்திருந்தேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 14

158. காலையில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் வலி. கப்பித்தான் கல்லறை வாசலுக்குக் கிட்டே இருப்பது கடவுள் செயல். சாய்ந்த கல், பாசி, 1871 என்ற வருஷம் மட்டும் தெளிவாக இருக்கிறது. மற்ற எழுத்தை நான் இத்தனை வருஷத்தில் குனிந்து படித்ததில்லை.

ஸொலாஞ்ஜ் மண்டி போட்டுக்கொண்டு கல்லின் காலடியைத் தடவினாள். மெழுகு. உருகி, காய்ந்து, அதன்மேல் உருகி, தடித்துப்போன மெழுகு. விரலால் சுரண்டிப் பார்த்து அழுதாள்.

"நூற்றைம்பது வருஷமாக இவருக்கு யாரோ மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள்" என்றாள். "நீங்கள்தானே?"

நாங்கள்தான் என்றேன். அது பொய்யில்லை. 'நாங்கள்' என்பதற்குள் நான் கொஞ்ச வருஷமாக இல்லை, அவ்வளவுதான். முழங்கால்.

தோட்டத்தின் கோடியில் மதிலோரம் ஒரு பூவரசு மரம் இருக்கிறது. அந்தப் பக்கம் என்ன என்று கேட்டாள். பழைய கல்லறைகள், பாம்பு இருக்கும் என்றேன்.

திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. புதுக் கல் வைக்க வேண்டுமாம். பளிங்கில். கப்பித்தான் பெயர், அதன்கீழே இங்கே அவர் வழிவந்தவர்களின் பெயர். கல்லறைத் திருநாளன்று சாமியாரை வைத்து மந்திரித்துத் திறக்கலாமாம். வேண்டாம், செலவு என்றேன். அது தன்னுடைய ஆசை என்றாள்.

அக்டோபர் 16

கல் கொத்துகிறவரிடம் போய்விட்டு வந்தோம். பெயர்களைக் கேட்டார். கப்பித்தானுக்கு ஒரு மகன் இருந்தார் அல்லவா, அவர் பெயர் என்ன என்று ஸொலாஞ்ஜ் கேட்டாள்.

சவியே என்றேன்.

எங்கள் முப்பாட்டனார் பெயர் சவேரிமுத்து. சவேரியாரைத்தான் பிரெஞ்சில் சவியே என்பார்கள். ஒரே புனிதர்தானே! நான் ஒன்றும் இல்லாத ஆளை உண்டாக்கிச் சொல்லவில்லை. கொத்துகிறவர் அட்டையில் எழுதிக்கொண்டார். கப்பித்தான் கெர்வெல், கீழே மகன் சவியே கெர்வெல், நடுத் தலைமுறையை விட்டுவிட்டு அதன்கீழே அப்பா பெயர், கடைசியில் நான்.

தம்பி தங்கை யாராவது உண்டா, சேர்த்துவிடலாம் என்றாள் ஸொலாஞ்ஜ். நான் ஒரே பெண் என்றேன். அதுவும் உண்மைதான். என் அம்மாவுக்கு நான் ஒரே பெண்தான்.

பொய் எழுதாதீங்க என்று டாக்டர் சொன்னது சுகரைப் பற்றி மட்டும்தான். 181.

அக்டோபர் 19

இதை எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

இஞ்ஞாசி வந்தான். என் சித்தப்பா மகன். துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறான். நல்ல மீன் வந்தால் படகுக்காரர்கள் அவனுக்கு ஒன்று கொடுப்பார்கள், அதை அவன் எனக்குக் கொண்டுவருவான். மிக்கேல் போன பிறகு ஒரு மாதம் தவறியதில்லை. இன்றைக்குக் கொடுவா. ஒரு முழ நீளம். லுங்கி, கிரீஸ் படிந்த சட்டை, கையில் செவுளில் கயிறு கோத்துத் தொங்குகிற மீன். நேராகக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டான், எப்போதும் வருகிற மாதிரி.

"முழுசாவே கொண்டாந்துட்டேன்க்கா. வெட்டினா ருசி போயிடும். அப்புறம், கல்லற திருநாள் வருதில்ல, சுண்ணாம்பு அடிக்கப் போறேன். நீ வரியா? ஆட்டோ கொண்டாறேன், நீ நடக்கத் தேவையில்ல."

அவன் முடிக்கவில்லை, ஸொலாஞ்ஜ் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மீனைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, யார் இவர் என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டாள்.

மீன்காரர் என்றேன்.

பிரெஞ்சில்தான் சொன்னேன். இஞ்ஞாசி ஐந்தாவதுவரை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இல்லை, முன்னாலேயே ஞாபகம் இருந்ததோ என்னவோ. அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மீனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

ஸொலாஞ்ஜுக்குக் குஷி. மீனோடு அவனை நிற்க வைத்துப் படம் எடுத்தாள். இன்றைய மீன் என் கணக்கு என்று பர்ஸைத் திறந்தாள். எவ்வளவு என்று என்னைத்தான் கேட்டாள்.

ஐந்நூறு என்றேன். என் தம்பி எனக்குக் கொண்டுவந்த மீனுக்கு நானே விலை சொன்னேன்.

அவன் நோட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவளிடம் "மெர்சி மதாம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வரேங்க மதாம்."

பின்பக்கமாகப் போனான். இந்த வீட்டில் அவன் பின்வாசல் வழியாகப் போனது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 20

மீன் குழம்பு பிரமாதம் என்று ஸொலாஞ்ஜ் விரலைச் சூப்பினாள். நான் சாப்பிடவில்லை. மாத்திரை போட்டதால் பசியில்லை.

அக்டோபர் 22

போன் செய்தேன். அவன் பெண்டாட்டி செலின் எடுத்தாள். ஒன்றும் தெரியாத மாதிரி நல்லபடியாகப் பேசினாள், அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்துகொண்டேன். அவனிடம் கொடுத்தாள்.

"சொல்லுங்க மதாம்" என்றான்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன். குழாய்க்கு ஆள் அனுப்புகிறேன் என்றான். அனுப்பியும் விட்டான். குழாய் ஒழுகவேயில்லை. வந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாஷரை மாற்றிவிட்டுப் போனான்.

அக்டோபர் 25

190. நல்ல மழை. ஸொலாஞ்ஜ் அறையில் படுத்துப் படிக்கிறாள். எனக்கு வேலை ஓடவில்லை. சரி, இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன்.

எங்களுக்கும் கப்பித்தானுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. முப்பாட்டனார் சவேரிமுத்து சலங்கு தள்ளினவர். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும். அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றிவருகிற படகுக்குச் சலங்கு என்று பெயர். கப்பித்தானை ஏற்றி இறக்கியிருப்பார், பத்துப் பதினைந்து தடவை. அவ்வளவுதான் பழக்கம்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. சாதி வழக்கமெல்லாம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ரெனோன்சான் என்பார்கள், விட்டுக் கொடுத்தவர்கள். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பன் பெயரோடு சரி. ஒவ்வொருவரும் வாயில் வந்த பெயரைச் சொன்னார்கள். புனிதர் பெயர், ஊர்ப் பெயர், பூப் பெயர். சவேரிமுத்துவுக்குத் தெரிந்த வெள்ளைக்காரன் பெயர் ஒன்றே ஒன்று. செத்துப்போன கப்பித்தானின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பதிலாக வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் கப்பித்தானுக்கு ஒரு மெழுகுவத்தி. அது அவர் போட்ட வழக்கம். கேட்பாரற்ற ஆத்துமம், அதன் பெயரை நாம் எடுத்துக்கொண்டோம், ஒரு வெளிச்சமாவது காட்ட வேண்டும். முதலில் பூவரசு மரத்தடியில் எங்கள் ஆட்களுக்கு, திரும்பும்போது வாசலோரம் அவருக்கு. எங்கள் அம்மாவுக்கு வாசலோரம் இருக்கிற வெள்ளைக் கல்லறை பிடித்துப்போயிற்று. நாலுபேர் பார்க்கிற இடம். ஒரு மெழுகுவத்தி நாலாயிற்று, பூவரசு மரம் தூரமாயிற்று. நான் வளர்ந்தபோது கப்பித்தான் தாத்தா ஆகிவிட்டார். பலகை வைத்தபோது அவருக்குப் படமும் தேவைப்பட்டது. பழைய சாமான் கடையில் வாங்கினேன். "விலை குடுத்து வாங்கின தாத்தா" என்று மிக்கேல் சிரிப்பார். எழுதிவிட்டேன்.

இஞ்ஞாசிக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. அறுபத்திரண்டில், புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்று என் அப்பா எழுதிக் கொடுத்தார். சித்தப்பா அமலோற்பவநாதர் இந்த மண்ணிலேயே இருக்கிறேன் என்று சும்மா இருந்துவிட்டார். அதோடு அவர் வீட்டுக்காரர்கள் காகிதத்தில் கெர்வெல் உதிர்ந்து, அப்பா பெயர் இன்ஷியல் ஆகிவிட்டது. அவன் அ. இஞ்ஞாசி. யாரும் எங்களைச் சேர்த்துப் பார்க்க முடியாது. அதுதான் அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று.

மிக்கேல் செத்தபோது மகனுக்கு விமானம் கிடைக்கவில்லை. உடம்பைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, மெடல் குத்தி, பெட்டியில் வைத்தவன் இஞ்ஞாசி. நான் மயங்கி விழுந்து கிடந்தேன். வெட்கமாக இருக்கிறது. இதற்குமேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 28

கல்லைப் பதித்துவிட்டார்கள். ஸொலாஞ்ஜுக்குச் சளி. சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னாள், தனியாகப் போனேன்.

வெள்ளைப் பளிங்கு, பொன் எழுத்து. சவியே கெர்வெல். வெள்ளைத்துணி போட்டு மூடச் சொன்னேன்.

மூடும்போது பின்னால் சுண்ணாம்பு வாசனை. திரும்பினால் இஞ்ஞாசி, கையில் வாளியும் மட்டையும். படித்துவிட்டான். மதிலோரம் நடந்தான். பின்னாலேயே போனேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பக்கம் போகிறேன். பூவரசு அடியில் சின்ன சிமெண்டுத் திட்டு, பாதிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சலங்கு சவேரிமுத்து கெர்வெல் என்று தமிழில் எழுதியிருந்தது. எழுத்துக்குக் கறுப்பு மை புதிதாகத் தீட்டியிருந்தான்.

"சவேரிமுத்து அங்க போயிட்டாருன்னா, இங்க படுத்துருக்கறது யாருங்க மதாம்?" என்றான்.

மதாம் என்று சொல்லாதே என்றேன். அவன் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டே பேசினான், என்னைப் பார்க்கவில்லை.

"கப்பித்தானுக்கு மெழுகுவத்தி எதுக்கு ஏத்துறோம்? பேருக்கு வாடகை. அந்த வாடகைய வருஷா வருஷம் நான்தான் கட்டறேன், எனக்கு அந்தப் பேரே இல்ல. நீங்க வாடகைக்கு இருந்துக்கிட்டு வீடே எங்களுதுன்னு கல்லுல வெட்டி வெச்சிட்டீங்க."

நான் அன்றைக்கு மீன்காரர் என்று சொன்னதற்கு மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். அவனுக்குக் கோபம் வந்ததே அப்போதுதான்.

"மீன்காரன்னு சொன்னதுல என்ன தப்பு? மீன் விக்கிறது கேவலமா? இவரு அந்தப் பேர எதுக்கு வெச்சாரு? ஒருத்தனும் நம்மள நிறுத்தி வெச்சி, டேய் நீ யாருடான்னு கேக்கக் கூடாதுன்னு வெச்சாரு. அந்தம்மா நான் யாருன்னு உங்களக் கேட்டாங்க. உங்களால சொல்ல முடியல."

பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மீதிச் சுண்ணாம்பையும் அடித்து முடித்தான். ஆட்டோ பிடித்து என்னை ஏற்றிவிட்டு, டிரைவரிடம் மெதுவாப் போ, அவங்களுக்கு முட்டி வலி என்றான். அவங்களுக்கு.

நவம்பர் 1

சுகர் பார்க்கவில்லை. பயம்.

இன்றைக்கு மூன்று தடவை மாடிப்படி ஏறினேன், ஸொலாஞ்ஜிடம் சொல்லிவிட வேண்டும் என்று. முதல் தடவை தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை, நாளைக்குக் கட்டிக்கொள்ள என் சேலை ஒன்றைக் கேட்டாள். கொடுத்தேன். மூன்றாம் தடவை சேலை கட்டிப் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "பார், இப்போது நாம் ஒரே குடும்பம் மாதிரி இல்லை?" என்றாள். ஊக்கு குத்திவிட்டு இறங்கி வந்தேன்.

சொன்னால் ஊரெல்லாம் சிரிக்கும். விடுதியை யார் தேடி வருவார்கள்? துலூசில் மகன் தன் ஆபீஸில் எல்லாம் கப்பித்தான் கதை சொல்லி வைத்திருக்கிறான். சொல்லாவிட்டால் சவேரிமுத்து நாளைக்கு மந்திரித்த தண்ணீரோடு வெள்ளைக்காரன் மகனாகிவிடுவார். இஞ்ஞாசி யாருமில்லை என்று ஆகிவிடுவான்.

ஜெபமாலை சொன்னேன். பாதியில் எந்த மணி என்று மறந்துவிட்டது.

நவம்பர் 2

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம், பூ, புகை. ஸொலாஞ்ஜ் என் நீலச் சேலையில். புதுச் சாமியார், சின்ன வயது, அவசரத்தில் இருந்தார், மந்திரிக்க இன்னும் பல கல்லறைகள் பாக்கி. துணியை விலக்கட்டுமா என்று கொத்துகிறவர் கேட்டார்.

அப்போது இஞ்ஞாசி வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, செலின் பின்னால். எங்களைப் பார்க்காத மாதிரி நேராகக் கப்பித்தான் காலடிக்கு வந்து, குனிந்து, பழைய மெழுகின்மேல் புது மெழுகுவத்தியை நட்டுக் கொளுத்தினான். ரொம்பப் பெரியது, கோயில்களில் ஈஸ்டர் பாஸ்கா காலத்தில் வைப்பார்களே அந்த மாதிரி. காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

ஸொலாஞ்ஜுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "இவர் மீன்காரர் அல்லவா?" என்றாள் சந்தோஷமாக. "இவர் ஏன் நம் தாத்தாவுக்கு ஏற்றுகிறார்?"

சாமியார் என்னைப் பார்த்தார். செலின் என்னைப் பார்த்தாள். இஞ்ஞாசி மட்டும் பார்க்கவில்லை. அவன் நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டு, புறப்படத் தயாராக இருந்தான். இன்னொரு தடவை நான் அதையே சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பான்.

"இவன் என் தம்பி" என்றேன். பிரெஞ்சில் சொன்னேன், பிறகு சாமியாருக்காகத் தமிழிலும் சொன்னேன். ஒரு தடவை வாய் திறந்த பிறகு நிற்கவில்லை. கப்பித்தான் எங்களுக்கு யாருமில்லை. சவியே என்று யாருமில்லை. எங்கள் முப்பாட்டனார் சலங்கு தள்ளினவர், பெயரை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், அதற்குத்தான் இந்த மெழுகுவத்தி. வருஷா வருஷம் ஏற்றுகிறவன் இவன், நான் இல்லை. கூடத்தில் இருக்கும் படம் பழைய சாமான் கடையில் வாங்கினது. எல்லாம் சொன்னேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஸொலாஞ்ஜ் சேலை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படம் பொய் என்று இங்கே வந்த முதல் நாளே தெரியும்" என்றாள் கடைசியில். "அதில் இருப்பவருக்கு அறுபது வயது. இங்கே இருப்பவர் இருபத்தாறில் செத்தவர். பழைய கல்லிலேயே எழுதியிருந்தது. வீட்டு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். மற்றதை நம்பினேன்."

இருபத்தாறு! நான் தாத்தா தாத்தா என்று சொன்னவன் என் மகனைவிடச் சின்னவன்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். கொத்துகிறவரிடம் சைகையில், கப்பித்தான் பெயர் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள் என்று காட்டினாள். பிறகு இஞ்ஞாசியிடம் போய்க் கைகொடுத்தாள். அன்றைக்குக் காசு கொடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னாள். அவனுக்கு வரும் என்று எனக்கே தெரியாத ஒரு அழகான பிரெஞ்சில் அவன், மெதுவாக, அந்தக் காசில்தான் இந்த மெழுகுவத்தி வாங்கினேன், உங்கள் ஆளுக்கு உங்கள் காசு என்றான்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இஞ்ஞாசி பூவரசு மரத்துக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். ஒருமுறை திரும்பி, "தரை வழுக்குது, பாத்து வாங்க" என்று மட்டும் சொன்னான்.

நவம்பர் 4

ஸொலாஞ்ஜ் இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டாள். சேலையை மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள். வாசலில் கைதான் கொடுத்தாள், முத்தமில்லை. குசீன் என்று சொல்லவில்லை. க்ளோத்தில் என்றாள்.

நவம்பர் 6

தனியாகக் கல்லறைக்குப் போனேன். கொத்தியாகிவிட்டது. மேலே கப்பித்தான் பெயர் பளபளவென்று இருக்கிறது. அதன்கீழே மூன்று வரி அளவுக்குச் சொரசொரவென்று பள்ளம். பளிங்கில் கொத்தினதை மறைக்க முடியாதாம், அப்படியேதான் இருக்குமாம். வாசலுக்குக் கிட்டே, நாலுபேர் பார்க்கிற இடம்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றினேன். சுவரில் சதுரமாக வெள்ளைத் தழும்பு.

நவம்பர் 17

149. இத்தனை நாள் எழுத ஒன்றுமில்லை.

காலையில் மணி அடித்தது. முன்வாசல். இஞ்ஞாசி, கையில் கொடுவா. உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான். வா என்றேன். வேலை இருக்கிறது என்றான். மீனை நீட்டினான். வாங்கினேன்.

"ஐந்நூறு" என்றான்.

முகத்தில் சிரிப்பில்லை. விளையாட்டா, வினையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அவன் வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். படியிறங்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டுவரை போய் நின்றான்.

"இது அடுத்த வருஷம் கப்பித்தானுக்கு. பேர் உங்கிட்டதான இருக்கு, இனிமே வாடகைய நீ கட்டு" என்றான். "பூவரசடியில நம்ம ஆளுக்கு உன் கையாலயே வந்து ஏத்து, அக்கா."

போய்விட்டான். நான் மீனோடு வாசலிலேயே நின்றேன். ஜன்னலில் எதிர்வீட்டுக்காரியின் தலை தெரிந்தது. என்ன மீன், யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

என் தம்பி கொண்டுவந்தான் என்றேன். இந்தத் தெருவில் இதை நான் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. உள்ளே வந்து செதிளை நானே உரித்தேன். கை முழுக்க மீன் நாற்றம், இன்னும் போகவில்லை.